மூன்று ஆப்களில் இரண்டை அழித்துவிடு, தம்பி

கேள்வி: டாக்டர், எனக்கு 16 வயது. ஆறு வயதிலிருந்தே வீசிங். மெயின் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறோம், ஜன்னலைத் திறந்தால் பஸ் புகைதான். போன மாதம் ஒருநாள் நடுராத்திரி மூச்சு வாங்கி, மருத்துவமனையில் நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அம்மா என் போனில் மூன்று ஆப் போட்டுவிட்டார். ஒன்று காலையும் இரவும் மணியடிக்கும், ஒன்று காற்று மாசு காட்டும், இன்னொன்று நான் இன்ஹேலர் எடுத்தேனா என்று அம்மா போனுக்கே தகவல் அனுப்பும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாதி நாள் எடுக்காமலே "எடுத்தாச்சு" என்று டிக் போட்டுவிடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்பந்து விளையாடும்போது மட்டும் நீல இன்ஹேலரில் இரண்டு பஃப். இந்த ஆப் எல்லாம் நிஜமாகவே உதவுமா, இல்லை அம்மாவின் நிம்மதிக்கா? எதை வைத்துக்கொள்ளலாம்? நான் எழுதியது வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.

பதில்: பெயரும் போடவில்லை, ஊரும் போடவில்லை, கவலைப்படாதே தம்பி. அந்தப் பொய் டிக்கைப் பற்றி நீயாகவே எழுதினாய் பார், அதற்காகவே இந்த வாரக் கடிதங்களில் உன்னுடையதை முதலில் எடுத்தேன்.

நீ ஒருவன் மட்டும் இதைச் செய்யவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் உன் வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவன் அப்பா உள்ளே வந்ததும் பெருமையோடு போனை நீட்டினார்; ஏழு வாரத்துக்கும் வரிசையாகப் பச்சை வட்டங்கள், கீழே 96 சதவீதம் என்று கொட்டை எழுத்தில். நான் போனை வாங்கவில்லை, இன்ஹேலரைக் கொடு என்றேன். 120 டோஸ் உள்ளது அது. காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்திருந்தால் முப்பது நாளில் காலியாகி, அடுத்ததை ஆரம்பித்திருக்க வேண்டும். அதன் முதுகில் இருக்கிற சின்ன ஜன்னலில் 86 என்று நின்றது. ஏழு வாரத்தில் 34 பஃப், அதாவது ஒன்பது நாள் மருந்துகூட இல்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்பா இன்னும் பச்சை வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஆறரைக்கு அலாரம் அடிக்கும்போது நான் பாத்ரூமில் இருப்பேன். வந்து பார்த்தால் மிஸ்டு என்று சிவப்பாக வந்திருக்கும், அம்மா கத்துவார்கள், அதனால் முதலில் டிக்கைப் போட்டுவிடுவேன், அப்புறம் எடுக்கலாம் என்று நினைத்து மறந்துபோகும்." இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? எடுக்காததற்குத் திட்டு, டிக் போட்டால் நிம்மதி என்று அந்த ஆப்பும் வீடும் சேர்ந்து அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

சரி, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன், ஏனென்றால் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்துமாவில் நடப்பது இரண்டு வேலை. மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கிச் சிவந்து எரிச்சலோடு இருக்கிறது, நீ நன்றாக இருக்கிற நாளிலும் அப்படித்தான். அந்த நிலையில் புகையோ, சளியோ, ஓட்டமோ, குளிர்ந்த காற்றோ பட்டால் குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகிக்கொள்கிறது, அதுதான் உனக்குத் தெரிகிற வீசிங். நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் வேலை செய்யும், நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துபோகும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர். அது மெதுவாக, நாட்கணக்கில் வாரக்கணக்கில் வேலை செய்யும், விட்டாலும் மெதுவாகத்தான் அதன் பலன் போகும். இன்றைக்கு எடுக்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. அதனால் எடுக்காமல் இருந்தாலும் பரவாயில்லை என்று உன் மூளை தினமும் ஒரு பாடம் படிக்கிறது. பத்தாவது நாளோ இருபதாவது நாளோ ஒரு ஜலதோஷம் வரும், அன்று ராத்திரி நெபுலைசர். அந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக உனக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் நடுவில் மூன்று வாரம் ஓடியிருக்கும். அந்த மூன்று வாரத்தை உன் கண்ணுக்குக் காட்டுவதுதான் ஒரு ஆப் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை என்பது என் கருத்து. மணியடிப்பதற்கு போனில் ஏற்கெனவே அலாரம் இருக்கிறது.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம்மில் பேசுகிற ஸ்டீராய்டு ஞாபகத்துக்கு வந்தால் அது வேறு, இது வேறு. இது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போவது. பக்கவிளைவே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை வரலாம், குரல் கம்மலாம். சின்ன வயதிலேயே ஆரம்பித்துச் சில ஆண்டு எடுத்தவர்களை வளர்ந்தபின் அளந்து பார்த்ததில் உயரம் சராசரியாக 1 செ.மீ. போலக் குறைந்திருந்தது. இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, உன் வயதில் நெட்டில் தேடி எப்படியும் கண்டுபிடிப்பாய். கட்டுப்படாத ஆஸ்துமாவோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை ஸ்டீராய்டு சாப்பிட நேர்ந்தால் அதன் பாதிப்பு இதைவிடப் பெரிது, அதையும் சேர்த்துத் தேடிப்பார்.

ஆப்பைவிட முக்கியமான ஒன்று. உலகளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டுகிற ஜீனா என்ற அமைப்பு 2019 இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது: 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றது. அதற்குப் பதிலாக ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்துகிற பார்மோடெரால் என்ற மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தேவைப்படும்போது எடுக்கவும், நோய் கொஞ்சம் அதிகமாக இருப்பவர்கள் தினமும் எடுக்கவும் பயன்படுத்தலாம். மூச்சு வாங்கும்போது எடுத்தாலும் வீக்கத்துக்கான மருந்து கொஞ்சம் உள்ளே போய்விடும். மறதியும் கூச்சமும் உள்ள வயதுக்கு, பையில் இரண்டுக்குப் பதில் ஒன்று என்பது எந்த ஆப்பும் தராத வசதி. உனக்குப் பொருந்துமா என்பதை உன் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், எல்லாக் கூட்டு இன்ஹேலரையும் அப்படி எடுக்க முடியாது, நீயாக மாற்றிவிடாதே. ஆனால் அடுத்த முறை போகும்போது "ஒரே இன்ஹேலர் முறை எனக்குச் சரிவருமா" என்று நீயே வாயைத் திறந்து கேள். அம்மா கேட்பதைவிட நீ கேட்டால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது உன் மூன்று ஆப். மணியடிக்கிறதை அழித்துவிடு. இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வை. எடு, அப்புறம் பல் துலக்கு, வாய் கொப்பளிக்கிற வேலையும் அதிலேயே முடிந்துவிடும். குளியலறை ஈரம் பவுடர் இன்ஹேலருக்கு ஆகாது, உன்னுடையது பவுடர் வகை என்றால் பிரஷை வெளியே கொண்டுவா. அம்மாவுக்குத் தகவல் அனுப்புகிறதையும் அழிக்கலாம், ஆனால் திருட்டுத்தனமாக அழிக்காதே, கீழே அதற்கு வருகிறேன். தொடர்ந்து இத்தனை நாள் எடுத்தால் பதக்கம், விட்டால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து என்று விளையாட்டுக் காட்டுகிற ஆப்களும் எனக்குப் பிடிப்பதில்லை. ஒருநாள் மறந்ததற்கு நாற்பது நாள் கணக்கு போய்விடும் என்றால் யார்தான் பொய் சொல்ல மாட்டார்கள்? இன்ஹேலர் மேல் மாட்டுகிற சென்சார்கள் வந்திருக்கின்றன, அழுத்திய நேரத்தை அதுவே குறித்துக்கொள்ளும். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அழுத்தியது தெரியுமே தவிர எல்லாச் சென்சாருக்கும் நீ சரியாக உறிஞ்சினாயா என்று தெரியாது.

காற்று மாசு காட்டுகிறதை வைத்துக்கொள். பிஎம் 2.5 என்று அதில் வருவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள், தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு மாதிரி. மூக்கு வடிகட்டுவதற்குள் நுரையீரலின் அடிவரை போய்விடும். உன் வீட்டு ஜன்னல் புகையை நீ சும்மா சொல்லவில்லை. லண்டனில் போக்குவரத்து நெரிசலான சாலைக்குப் பக்கத்தில் வசித்த 9 வயதுச் சிறுமி 2013 இல் ஆஸ்துமாவால் இறந்தாள், அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 இல் மரண விசாரணையில் முறைப்படி பதிவானது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எண் கூடுதலாக இருக்கிற நாளில் பயிற்சியை நேரம் மாற்றவோ, சாலையை ஒட்டிய மைதானத்தை விட்டு உள்ளே தள்ளிப்போகவோ, வண்டிகள் மொய்க்கிற நேரத்தில் ஜன்னலை மூடி மற்ற நேரத்தில் திறக்கவோ அந்த எண் உதவும். ஆனால் ஆப் காட்டும் அளவு எங்கேயோ இருக்கிற கருவியின் அளவு, உன் ஜன்னலின் அளவு இல்லை. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக நெஞ்சு இறுகுவதை அலட்சியப்படுத்தாதே, எண் மோசமாக இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் விளையாட்டை விட்டுவிடவும் வேண்டாம்.

போனில் நான் உண்மையிலேயே மதிக்கிற கருவி கேமராதான். அடுத்த தடவை இன்ஹேலர் எடுக்கும்போது போனைச் சாய்த்து வைத்து உன்னைப் பக்கவாட்டில் வீடியோ எடு. என்னிடம் வருகிறவர்களில் பலர் அழுத்திவிட்டு அரை நொடி கழித்து உறிஞ்சுவார்கள், வாய் ஓரத்தில் வெள்ளையாக ஆவி வெளியே போவது வீடியோவில் அப்படியே தெரியும். அழுத்துகிற வகை என்றால் குலுக்கு, முதலில் மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டால் இறுக மூடு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்துக்கொண்டே அழுத்து, இழுத்து முடித்து பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கு, இரண்டாவது பஃபுக்கு முன் அரை நிமிடம் பொறு. பவுடர் வகையில் இழுக்கிற விதம் இதற்கு நேர் எதிர், வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். அழுத்துகிற வகைக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலர் வாயில் மாட்டுகிற குழாய், இருந்தால் மருந்து தொண்டையில் ஒட்டாமல் உள்ளே போகும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்து மூலையில் போட்டிருப்பாய், வீட்டிலாவது அதோடு எடு. இதையெல்லாம் எழுத்தில் படிப்பதைவிட, ஆஸ்துமா அமைப்புகள் போட்டிருக்கிற செயல்முறை வீடியோ ஒன்றை உன் இன்ஹேலர் பெயர் போட்டுத் தேடி, உன் வீடியோவையும் அதையும் அடுத்தடுத்து ஓடவிடு. தப்பு உனக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டு, வீடியோ கால் என்றாலும் போதும்.

அப்புறம் ஒரு நோட்ஸ் பக்கம். தனி ஆப் தேவையில்லை, போனோடு வருகிறதே போதும். அதில் எழுத வேண்டியது எடுத்த நாட்களை இல்லை, நீல இன்ஹேலர் எத்தனை தடவை தேவைப்பட்டது, ராத்திரி எழுந்தாயா, இந்த இரண்டு மட்டும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். விளையாடப் போவதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்னால் டாக்டர் சொல்லி எடுக்கிற பஃபைத் தனியாகக் குறி, அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் நீ எழுதியிருப்பது "விளையாடும்போது" என்று. ஓடிக்கொண்டிருக்கையில் நின்று எடுக்கிறாய் என்றால் அது வரும், "ஒன்றும் ஆகவில்லை" என்ற உன் கணக்கு அங்கேயே உதைக்கிறது. 200 டோஸ் உள்ள நீல இன்ஹேலர் ஒரு வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ காலியானால் கடுமையான தாக்குதல் வரும் அபாயம் கூடுகிறது, பன்னிரண்டைத் தாண்டினால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. மாதம் ஒருநாள், ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள், ஆஸ்துமா கன்ட்ரோல் டெஸ்ட் என்கிற ஐந்து கேள்விகளை ஆன்லைனில் போடு. போன நான்கு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 25. 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம். இரண்டு மூன்று மாதம் இந்த எண்ணையும் இன்ஹேலர் முதுகில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார், நான் சொன்ன அந்த மூன்று வார இடைவெளி உன் கையெழுத்திலேயே தெரியும். வேறு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

உன் முதல் கேள்வி, உதவுமா என்பது. உதவியிருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில், 314 மாணவர்களிடம் ஒரு இணையவழித் திட்டத்தைச் சோதித்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குப் பொதுவான ஆஸ்துமா இணையதளங்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொல்கிற பதிலை வைத்து ஆளுக்கேற்றபடி பேசுகிற நிகழ்ச்சி, மொத்தமே நான்கு அமர்வு. தினசரி மருந்து, அவசர இன்ஹேலர் கையில் இருக்கிறதா, புகைபிடித்தல், இந்த மூன்றில் மட்டும்தான் கைவைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ஆளுக்கேற்றபடி பேசிய குழுவில் மூச்சுத் தொந்தரவுள்ள நாட்களும் இரவுகளும் பள்ளிக்கு லீவு போட்ட நாட்களும் குறைந்திருந்தன. இதில் எனக்குப் பிடித்தது, யாரும் தினமும் அவர்களை வேவு பார்க்கவில்லை என்பது. நான்கு முறை உட்காரவைத்து, உன்னை என்ன தடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

இனி உன் அம்மாவுக்கு என்று இல்லை, இதைப் படிக்கிற எல்லா அம்மா அப்பாவுக்கும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, நடுராத்திரியில் பிள்ளை தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன்பின் தூக்கம் வராது. ஆனாலும் தினசரி டிக்கைக் கேட்காதீர்கள், கேட்டால் டிக்தான் கிடைக்கும். மாதம் ஒரு முறை அந்த 25க்கு எத்தனை என்ற எண்ணையும், நீலம் எத்தனை தடவை என்பதையும் மட்டும் கேளுங்கள், எண் மோசமாக இருந்தால் திட்டுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னபடி இருங்கள். அதற்காக 16 வயதாகிவிட்டது, இனி உன் பாடு என்று ஒரேயடியாகக் கையைக் கழுவவும் வேண்டாம். தீரும் முன்னால் அடுத்த இன்ஹேலர் வாங்கி வைப்பது, அப்பாயின்ட்மென்ட் போடுவது, இது உங்கள் வேலை. உள்ளே டாக்டரிடம் பேசுவது அவன் வேலை, பத்து நிமிடம் தனியாக விடுங்கள். தம்பி, இந்தப் பத்தியை வேண்டுமானால் வெட்டி அம்மாவுக்கு அனுப்பிவிடு, எவனோ எழுதின கேள்வி என்று சொல்லிக்கொள். அந்த மூன்றாவது ஆப்பை அழிக்கிற பேச்சை இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இருமலைக் கேட்டே நோய் சொல்கிறேன் என்கிற ஆப், பத்து நாள் மூச்சுப்பயிற்சியில் இன்ஹேலரைத் தூக்கிப்போடு என்கிற வீடியோ, இதையெல்லாம் தாண்டிப் போ. மூச்சுப்பயிற்சி சிலருக்கு ஆறுதல் தரும், மருந்துக்கு மாற்று கிடையாது. ஆஸ்துமா ஆப் எதற்காக உன் தொடர்பு எண்களைக் கேட்கிறது என்று யோசித்துவிட்டு அனுமதி கொடு. வேப், அதாவது மின்சிகரெட் பற்றி நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் உன் மூச்சுக்குழாய்க்கு அதுவும் புகைதான்.

கடைசியாக, மூச்சு வாங்கும்போது போனில் தேடிக்கொண்டிருக்காதே, சாட்பாட்டிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. டாக்டரிடம் எழுத்தில் ஒரு செயல்திட்டம் கேட்டு வாங்கி, அதைப் படம் எடுத்து போனில் உடனே கைக்கு வருகிற இடத்தில் வை, கூட விளையாடுகிற ஒருவனுக்கும் அனுப்பி வை. இன்ஹேலர் உன் பையில் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் இல்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது, நீல இன்ஹேலர் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் தேவைப்படுகிறது, இதில் எது வந்தாலும் நிமிர்ந்து உட்கார், செயல்திட்டத்தில் உள்ளபடி பஃப் எடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல். கூச்சப்பட்டுத் தனியாகப் பாத்ரூமுக்குப் போகாதே, அங்கே விழுந்தால் யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு ராத்திரி பல் துலக்கப் போகும்போது உன் தினசரி இன்ஹேலரைத் திருப்பி அந்த ஜன்னலில் என்ன எண் இருக்கிறது என்று பார். உன்னுடையதில் ஜன்னல் இல்லையென்றால் எப்போது வாங்கினாய், இன்னும் ஏன் தீரவில்லை என்று கணக்குப் போடு. தேதியோடு எழுதி வை. ஒரு மாதம் கழித்து இரண்டு எண்ணையும், ஒன்றாம் தேதி வந்த மதிப்பெண்ணையும் எனக்கு எழுது, நல்லதாக இல்லாவிட்டாலும் சரி.